பங்குக் கிணற்றுப் பாசனத்தில் கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்தல்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டு 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெற்று வருகிறது. சின்னமனூருக்கு அருகேயுள்ள மார்க்கையன்கோட்டை வயல்களும் இப்பாசனத்தைச் சேர்ந்தவையே. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்பொழுது நேரம் ஒரு பெரிய சிக்கலாவதில்லை. மடையைத் திறந்து அடைப்பவரின் கையிலுள்ள கடிகாரமே எல்லோருக்கும் கடிகாரம். அது ஐந்து நிமிடம் பிந்தி ஓடினால் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் சேர்ந்தே பிந்தும். ஒருவர் தண்ணீர் இன்னொருவருக்குப் போய்விடாது. முறைப்பாசனத்திற்கு வேண்டியது வானொலி நேரத்தோடு ஒத்த சரியான நேரமன்று. பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே வாழை, திராட்சை, தென்னை எல்லாம் கிணற்றையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பியுள்ளன. பாகப்பிரிவினையில் நிலம் நான்காகும்; கிணறு ஒன்றாகவே நிற்கும். மோட்டார் ஒன்று, பங்கு நான்கு. சொட்டுநீர்ப் பாசனம் வந்தபின் ஒவ்வொரு பங்கிற்கும் ஒரு மின்வால்வும், அதைத் திறந்து மூட ஒரு டைமர் பெட்டியும் வைக்கும் பழக்கம் பரவி வருகிறது. பெட்டிகள் ரேடியோ மூலம் தமக்குள் பேசிக்கொள்ளும். இரவு 2 மணிக்கு எழுந்து டார்ச் விளக்கோடு போக வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் இங்கே ஒரு கடிகாரத்திற்குப் பதிலாக நான்கு கடிகாரங்கள் வந்துவிட்டன. நான்கும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும், ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் அதை எப்படித் தாங்கிக்கொள்ளும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நேரம் பிசகினால் வரும் நட்டம்

வாழையை 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,250 கன்றுகள் வரும். கன்று ஒன்றிற்கு மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் இரண்டு வைத்தால், ஒரு ஏக்கருக்கு மணிக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் தேவை. உங்கள் மோட்டார் அந்த அளவிற்கே தண்ணீர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒரு வால்வு மட்டும் திறந்திருக்கும் வரை எல்லாம் சரி. இரண்டு வால்வுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒவ்வொரு சொட்டுவானுக்கும் ஏறக்குறைய பாதித் தண்ணீரே கிடைக்கும். சாதாரண வகைச் சொட்டுவானில் தண்ணீர் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிட்டது என்று பொருள். அந்த அழுத்தத்தில் பக்கக் குழாயின் கடைசியிலும் மேட்டிலும் உள்ள கன்றுகளுக்குச் சொட்டு எட்டாது. பெட்டியோ ஒரு மணி நேரம் பாய்ச்சியாகிவிட்டது என்று கணக்குக் காட்டும்.

இதற்கு நேர்மாறானது இன்னும் கெடுதல். ஒருவர் வால்வு மூடியபின் அடுத்தவர் கடிகாரம் பிந்தி ஓடினால், இடைப்பட்ட நேரத்தில் நான்கு வால்வுகளும் மூடியிருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். வழியில்லாத தண்ணீர் குழாய் இணைப்புகளைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். இணைப்புகள் தாங்கினால் பம்பிற்குள்ளேயே தண்ணீர் சூடேறி மோட்டாருக்குக் கேடு வரும்.

மூன்றாவதாக நீர்வழி உரமிடல். யூரியா கரைசலை வென்சுரி மூலம் பாசனத்தின் பிற்பகுதியில் செலுத்தி, அதன்பின் சில நிமிடம் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயை அலசுகிறோம். உரத் தொட்டியின் கடிகாரம் கால் மணி பிந்தினால் மேலத் தோட்டத்துக்காரர் வாங்கிய உரம் கீழத் தோட்டத்து வாழைக்குப் போகும். பங்காளிகளுக்குள் இதைவிட நல்ல சண்டைக் காரணம் வேண்டுமா?

கடிகாரம் ஏன் பிசகுகிறது?

டைமர் பெட்டியினுள் இருப்பது ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கும். அதிர்வுகளை எண்ணித்தான் நொடி கணக்கிடப்படுகிறது. சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்திற்கு 20 பங்கு வரை கூடவோ குறையவோ இருக்கலாம். இது நாளொன்றுக்கு 1.7 வினாடி. அற்பமாகத் தோன்றும். ஆனால் 300 நாள் வாழைப் பயிரில் இது 8 நிமிடம் 38 வினாடியாக வளரும். ஒரு பெட்டி முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஓடினால் இரண்டிற்கும் இடையே 17 நிமிடத்திற்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

வெப்பமும் சேர்ந்துகொள்ளும். இவ்வகைப் படிகம் 25 டிகிரி செல்சியசில் சரியாக ஓடுமாறு செய்யப்படுகிறது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். வெயிலில் வேகம், குளிரில் மெதுவு என்பதல்ல, இரண்டிலும் மெதுவுதான். இரும்புப் பெட்டியினுள் 45 டிகிரி இருக்கும் நேரத்தில் அது நாளுக்கு 1.2 வினாடி என்ற கணக்கில் பிந்தும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்றை வேப்ப மர நிழலிலும் மற்றொன்றைத் திறந்த வெளியிலும் வைத்தால் இரண்டும் ஒன்றாக ஓடா. ஆகவே பெட்டியை நிழலில் வைப்பதே செலவில்லாத முதல் வைத்தியம். வெப்பத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடிகாரச் சில்லுகளும் உள்ளன. அவற்றின் பிசகு பத்து லட்சத்திற்கு 2 பங்கு அளவுதான். விலை சற்றுக் கூடும், வாங்கத்தக்கவை.

மெதுவாகப் பிசகும் கடிகாரம் ஒரு வகை. திடீரெனக் கெடும் கடிகாரம் வேறு வகை. மோட்டார் ஓடத் தொடங்கும்பொழுது மின்னழுத்தம் தாழும். பெட்டியினுள் உள்ள பட்டன் பாட்டரி தீர்ந்திருந்தால் அந்த ஒரு தாழ்விலேயே கடிகாரம் தன் நினைவை இழந்து 2000ஆம் ஆண்டு ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். பல மலிவான பெட்டிகளில் இது சர்வ சாதாரணம்.

ஒன்றை நம்பினால் போதாதா?

ஒரு பெட்டியைத் தலைமையாக வைத்து மற்ற மூன்றும் அதன் நேரத்தையே எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரும்பாலான விற்பனையாளர்கள் சொல்லுவார்கள். வாய்க்கால் மடையில் நடப்பதும் அதுதானே என்று தோன்றும். ஆனால் மடையில் நிற்பவரின் கடிகாரம் நின்றுபோனால் அவர் சூரியனைப் பார்த்தே சந்தேகப்படுவார். பக்கத்து வயல்காரரைக் கேட்பார். தலைமைப் பெட்டி சந்தேகப்படாது. அது நள்ளிரவு என்று சொன்னால் மற்ற மூன்றும் நண்பகலில் நள்ளிரவு என்று நம்பும்.

இரண்டு கடிகாரங்கள் வைத்து ஒன்றை ஒன்று சரிபார்க்கச் சொன்னால், வித்தியாசம் வந்தது தெரியும். எது தவறு என்பது தெரியாது. மூன்று வைத்தால் இரண்டு சேர்ந்து மூன்றாவதை ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். கெட்டுப்போன கடிகாரம் எல்லோரிடமும் ஒரே தவறான நேரத்தைச் சொன்னால் மூன்று போதும். ஆனால் அது ஆளுக்கொரு நேரம் சொன்னால்?

பொறி எப்படி இரட்டை நாக்கோடு பேசும் என்று கேட்கலாம். மேலே சொன்ன மின்னழுத்தத் தாழ்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குத் தோட்டத்துப் பெட்டியிடம் மேலத் தோட்டம் நேரம் கேட்டபொழுது அது நன்றாக இருந்தது. அடுத்த நொடி மோட்டார் ஓடத் தொடங்கி, நினைவு போயிற்று. அதன்பின் கீழத் தோட்டம் கேட்டபொழுது நள்ளிரவு என்றது. இதில் சூது ஒன்றும் இல்லை. ஆனால் கேட்ட இருவருக்கும் வேறு வேறு பதில். தளர்ந்த பற்றவைப்பும், ஈரம் ஏறிய ஆன்டெனாவும் இதே வேலையைச் செய்யும்.

தெற்குப் பெட்டி கெட்டுவிட்டது, மேலத் தோட்டமும் கீழத் தோட்டமும் மட்டும் நல்லவை என்று கொள்வோம். உண்மையான நேரத்தைவிட மேலத் தோட்டம் 2 வினாடி முந்தியும் கீழத் தோட்டம் 2 வினாடி பிந்தியும் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் மூன்று நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. தெற்குப் பெட்டி மேலத் தோட்டத்திடம் அரை மணி முந்திய நேரத்தைச் சொல்லுகிறது. அப்பொழுது மேலத் தோட்டம் காணும் வரிசையில் நடுவில் நிற்பது அதன் சொந்த நேரமே. கீழத் தோட்டத்திடம் அரை மணி பிந்திய நேரத்தைச் சொல்லுகிறது. அங்கும் நடுவில் நிற்பது கீழத் தோட்டத்தின் சொந்த நேரமே. இரு பக்கமும் போய் "நீ சொல்வதே சரி" என்று சொல்லும் மத்தியஸ்தரைப் போல. இரண்டு நல்ல கடிகாரங்களும் தத்தம் நேரத்திலேயே நிலைத்து, நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போகும். மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு வேறு எந்த ஏற்பாடு செய்தாலும் இந்தக் கேட்டிலிருந்து தப்ப முடியாது என்பது கணிதப்படி நிறுவப்பட்ட செய்தி.

இதைக் கண்டறிந்தவர்கள் விவசாயத்தை நினைத்து ஆராயவில்லை. 1970களில் அமெரிக்காவில் நாசாவுக்காக, பழுதானாலும் விமானத்தைக் கைவிடாத கணினி ஒன்றை உருவாக்கும் பணி நடந்தது. பல கணினிகள் ஒன்றாக வேலை செய்ய அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டியிருந்தது. அங்கே பணியாற்றிய மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் ஆகிய மூவரும் 1980இலும் 1982இலும் வெளியிட்ட கட்டுரைகளில், ஒரு பழுதைத் தாங்க மூன்று போதாது, நான்கு வேண்டும் என்று காட்டினர். இரண்டு பழுதுகளைத் தாங்க ஏழு. அதாவது பழுதின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். தளபதிகளில் சிலர் துரோகிகளாக இருந்தால் படை எப்படி ஒரு முடிவுக்கு வரும் என்று கதைபோலச் சொன்னதால் இது பைசாந்தியத் தளபதிகள் கணக்கு எனப் பெயர் பெற்றது. கடிகாரங்களுக்கும் இதே எண்ணிக்கைதான் என்பதை 1984இல் டோலவ், ஹால்பர்ன், ஸ்ட்ராங் ஆகியோர் நிறுவினர். ஒவ்வொரு செய்தியிலும் மாற்ற முடியாத மின்கையெழுத்து இட்டால் குறைந்த எண்ணிக்கையே போதும். ஆனால் நம் தோட்டத்துப் பெட்டிகளில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

பங்கு நான்கு, பெட்டி நான்கு என்பது நமக்குத் தற்செயலாக அமைந்த வசதி. மூன்று பங்குள்ள கிணறாயின் மோட்டார் கொட்டகையில் நான்காவதாக ஒரு பெட்டி வைப்பது நலம்.

நான்கு கடிகாரங்களின் கணக்கு

1984இல் ஜெனிபர் லுண்டலியஸ், நான்சி லிஞ்ச் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் சொன்ன முறை மிக எளியது. நான்கு நேரங்களையும் வரிசைப்படுத்துக. மிகவும் முந்தியதையும் மிகவும் பிந்தியதையும் தள்ளிவிடுக. மீதி இரண்டிற்கும் நடுப்புள்ளியைப் புதிய நேரமாகக் கொள்க. ஒவ்வொரு பெட்டியும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். களத்து மேட்டில் ஒரு குச்சியால் எழுதிப் பார்க்கக்கூடிய கணக்குத்தான்.

முன்போலவே மேலத் தோட்டம் 2 வினாடி முந்தியும், கீழத் தோட்டம் 2 வினாடி பிந்தியும் உள்ளன. இப்பொழுது வடக்குத் தோட்டமும் சேருகிறது. அது 5 வினாடி முந்தியது. நல்ல கடிகாரங்கள் மூன்றிற்கும் இடையே அதிகபட்ச வித்தியாசம் 7 வினாடி. தெற்குப் பெட்டி கெட்டுவிட்டது. அது மேலத் தோட்டத்திடம் அரை மணி, அதாவது 1,800 வினாடி முந்தியதாகவும், கீழத் தோட்டத்திடம் 1,800 வினாடி பிந்தியதாகவும் சொல்லுகிறது. வடக்குத் தோட்டத்திற்குப் பதிலே சொல்லவில்லை.

மேலத் தோட்டம் காணும் வரிசை: 2 பிந்தியது, 2 முந்தியது, 5 முந்தியது, 1,800 முந்தியது. இரு ஓரங்களையும் தள்ளினால் மீதி 2, 5, நடுப்புள்ளி 3.5 வினாடி முந்தியது. கீழத் தோட்டம் காண்பது: 1,800 பிந்தியது, 2 பிந்தியது, 2 முந்தியது, 5 முந்தியது. ஓரங்கள் போனால் மீதி 2 பிந்தியதும் 2 முந்தியதும். நடுப்புள்ளி சரியாகச் சுழி. வடக்குத் தோட்டம் பதில் வராத இடத்தில் தன் நேரத்தையே இன்னொரு முறை எழுதிக்கொள்ளும்: 2 பிந்தியது, 2 முந்தியது, 5, 5. ஓரங்கள் போக 2, 5, நடுப்புள்ளி 3.5.

ஆக நல்ல கடிகாரங்கள் மூன்றும் இப்பொழுது 3.5, 0, 3.5. வித்தியாசம் 7 வினாடியிலிருந்து 3.5 ஆயிற்று. தெற்குப் பெட்டி மறுமுறையும் அதே பொய்யைச் சொன்னாலும் அடுத்த சுற்றில் இது 1.75 ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகிக்கொண்டே வரும். கெட்டது எவ்வளவு பெரிய பொய் சொன்னாலும் அது ஓரத்தில் விழுந்து தள்ளுபடியாகிவிடும். சிறிய பொய் சொன்னால் தள்ளுபடியாகாமல் இருக்கலாம். அப்பொழுது அது நல்ல கடிகாரங்களின் எல்லைக்குள்ளேயே இருப்பதால் கெடுதல் இல்லை. எந்தப் பெட்டி கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இம்முறையில் இல்லை என்பதை நான் இதன் தனிச் சிறப்பாகக் கருதுகிறேன்.

நான்கையும் கூட்டி நான்கால் வகுத்துச் சராசரி எடுப்பது எளிதாயிற்றே என்று சில கருவிகளில் அப்படியே செய்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம். மேலத் தோட்டத்தின் சராசரி 451.25 வினாடி முந்தியதாகவும், கீழத் தோட்டத்தின் சராசரி 448.75 வினாடி பிந்தியதாகவும் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு கடிகாரங்களுக்கு இடையே ஒரே சுற்றில் 900 வினாடி, அதாவது கால் மணி பிளவு! ஒரு நோயுற்ற கன்றைப் பிடுங்காமல் விட்டதற்கு ஒப்பானது இது. சராசரி எடுக்கும் பெட்டியை வாங்க வேண்டாம்.

செய்தி போய்வரும் நேரமும் கணக்கில் சேர வேண்டும். கீழத் தோட்டம் தன் கடிகாரத்தில் 6 மணிக்கு வடக்கைக் கேட்கிறது. பதில் வந்து சேரும்பொழுது தன் கடிகாரத்தில் 6 மணி 4 வினாடி. பதிலில் 6 மணி 9 வினாடி என்று இருக்கிறது. போய்வர 4 வினாடி ஆனதால் திரும்பி வர 2 வினாடி ஆகியிருக்கும் என்று கொண்டு, வடக்கின் நேரம் இப்பொழுது 6 மணி 11 வினாடி, வித்தியாசம் 7 வினாடி என முடிவு செய்யும். இதில் 2 வினாடிக்கு மேல் தவறு இருக்க முடியாது. ரேடியோ மெதுவானால் இந்தத் தவறும் கூடும். பாசனத்திற்கு இதனால் பாதகமில்லை.

திருத்தும்பொழுது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முந்தி ஓடும் கடிகாரத்தைச் சடாரென்று பின்னுக்குத் தள்ளக்கூடாது. 6 மணியைத் தாண்டிய கடிகாரத்தை 5 மணி 59 நிமிடத்திற்குத் தள்ளினால் 6 மணி இரண்டு முறை வரும். 6 மணிக்கு உரம் செலுத்து என்ற கட்டளையும் இரண்டு முறை நிறைவேறும். சில நிமிடங்களுக்கு மெதுவாக ஓடவிட்டுச் சரிக்கட்டும் வகையே நல்லது.

நான்கும் ஒன்றாகக் கெட்டால்

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் ஒரு பெட்டியின் பழுது மற்றொன்றின் பழுதோடு சம்பந்தப்படாமல் இருக்கும்வரைதான் செல்லும். இதற்கு நம் நாட்டு விண்வெளியிலேயே ஒரு பாடம் உண்டு.

இந்தியாவின் நாவிக் என்னும் வழிகாட்டும் துணைக்கோள் வரிசையில் முதலாவதான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1ஏ, 2013 ஜூலை 1இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்டது. துணைக்கோளிலிருந்து செய்தி வந்து சேரும் நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுகிறது. ஒளி மைக்ரோ வினாடிக்கு 300 மீட்டர் செல்வதால், கடிகாரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். ஆகவே அதில் ரூபிடியம் அணுக் கடிகாரங்கள் மூன்று வைக்கப்பட்டன. ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். அப்படியிருந்தும் மூன்றுமே பழுதடைந்துவிட்டன என்பது 2017 ஜனவரியில் வெளியே தெரியவந்தது. ஐரோப்பாவின் கலிலியோ துணைக்கோள்களில் இருந்த 72 அணுக் கடிகாரங்களில் 9 நின்றுபோனதாக அதே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. இரண்டு வரிசைகளுக்கும் ரூபிடியம் கடிகாரங்களைச் செய்து கொடுத்தது ஒரே வெளிநாட்டு நிறுவனம். 1ஏவிற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31இல் அனுப்பிய துணைக்கோள் வெப்பக் கவசம் பிரியாததால் பயனற்றுப் போயிற்று. 2018 ஏப்ரல் 12இல் ஏவிய 1ஐ அந்த இடத்தை நிரப்பியது. 2023 மே 29இல் ஏவப்பட்ட என்.வி.எஸ். 01இல் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் முதன்முறையாக வைக்கப்பட்டது.

ஒரே இனத்தை மட்டும் தோட்டம் முழுவதும் நட்டால் ஒரே நோய் எல்லாவற்றையும் கொண்டு போகும் என்பதை வாழை விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பெட்டிகளிலும் ஒரே நாளில் போட்ட பட்டன் பாட்டரி ஏறக்குறைய ஒரே பருவத்தில் தீரும். பிறகு ஒரே மின்தடையில் நான்கும் 2000ஆம் ஆண்டிற்குப் போய், தமக்குள் மிக அழகாக ஒத்துப்போகும்! எனவே பாட்டரிகளை ஆண்டுக்கு இரண்டு பெட்டி வீதம் மாற்றுங்கள். மாற்றிய மாதத்தைப் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். நான்கில் ஒரு பெட்டியாவது வேறு தயாரிப்பாக, ஒன்றாவது சூரிய மின்தகட்டில் ஓடுவதாக இருப்பது விரும்பத்தக்கது.

துணைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் ஜி.பி.எஸ். பெட்டிகளும் கிடைக்கின்றன. நல்லவைதான். ஆனால் பழைய முறை ஜி.பி.எஸ். செய்தியில் வாரங்களை எண்ணும் எண் 1,024 வாரத்திற்கு ஒரு முறை சுழிக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் அப்படித் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். இதற்கு ஆயத்தம் செய்யாத கருவி ஏறக்குறைய 20 ஆண்டு பின்னுக்குப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால் முழு வாரங்களாகவே பின்னுக்குப் போவதால் கிழமை சரியாக இருக்கும். திங்கள் மேலத் தோட்டம், செவ்வாய் கீழத் தோட்டம் என்று கிழமை முறை வைத்திருந்தால் முறை கெடாது. நட்ட நாளிலிருந்து எண்ணி உரமிடும் அட்டவணை மட்டும் கெடும்.

வால்வும் பெட்டியும் வைக்கும்பொழுது

எவ்வளவு நல்ல கணக்கானாலும் அதை நம்பி மோட்டாரைப் பணயம் வைக்கக்கூடாது. முதல் வால்வு மூடுமுன் அடுத்த வால்வு திறந்துவிட வேண்டும். நல்ல கடிகாரங்கள் 30 வினாடிக்குள் ஒத்துப்போகும் என்றால், மாறும் நேரத்திற்கு 30 வினாடி முன்பே அடுத்தவர் வால்வு திறக்கவும், 30 வினாடி பின்பே முதலாமவர் வால்வு மூடவும் அமைத்துக்கொள்ளுங்கள். கடிகாரங்கள் முழு 30 வினாடி விலகினாலும் அரை நிமிடமாவது இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும். இந்த ஒரு நிமிடத்தில் அழுத்தம் குறைவதால் பயிருக்கு ஒன்றும் நேராது. இதோடு மோட்டாருக்கு அருகே அழுத்த விடுவிப்பு வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். நான்கு பெட்டிகளும் பொய் சொன்னாலும் அது ஸ்பிரிங்கின் பேச்சை மட்டுமே கேட்கும். பணம் குறைவாக இருந்தால் பெட்டிகளுக்கு முன் இதை வாங்குங்கள். ஒரே வீட்டார் பயிர் செய்யும் தோட்டமாக இருந்து, பகலில் ஆள் இருந்தால், ஒரு பெட்டியும் இந்த வால்வுமே போதும். நான்கு கடிகாரக் கணக்கு தேவைப்படாது என்பது என் கருத்து.

வாரத்திற்கு ஒரு நாள் உங்கள் கைபேசி நேரத்தோடு நான்கு பெட்டிகளையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நான்கும் சேர்ந்து பிசகியிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது வெளியிலிருந்து வரும் இந்த ஐந்தாவது கடிகாரம்தான்.

புதிதாகப் பெட்டி பொருத்துபவரிடம் முழுப் பணமும் கொடுக்குமுன், உரம் கலக்காத ஒரு நாளில், பங்காளிகள் நால்வரும் கூடி நின்று சோதித்துப் பாருங்கள். தெற்குப் பெட்டியின் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்து மறுநாள் வரை விடுங்கள். மற்ற மூன்றும் சில வினாடிகளுக்கு மேல் அசைந்திருக்கக்கூடாது; தெற்குப் பெட்டி தானே மெல்லத் திருந்தியிருக்க வேண்டும், அல்லது சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். பின்பு அதன் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு பாசனம் ஓடவிடுங்கள். மூன்றாவதாக, நான்கு பெட்டிகளுக்கும் மின்சாரத்தை ஒரு மணி நேரம் ஒன்றாக நிறுத்தி மீண்டும் கொடுத்து, நான்கிலும் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சோதனையின்போதும் ஒருவர் மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானுக்கு அருகிலேயே, அழுத்தமானியைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.